கண்ணில் போன இரும்பு

"பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம்..."

முகத்தில் பாதி நுரையோடு வேம்புலி ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகிறார். சென்ட்ரலில் தொடங்கிப் பட்டாபிராம் வரை ஒன்றுகூட விடாமல் வர வேண்டும். வந்து சேர்ந்ததும் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். நடுவில் கொரட்டூர் விட்டுப்போனால் ரேஸரைத் தண்ணீரில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிறகு கண்ணாடியைப் பார்த்து ஈயென்று பல்லைக் காட்டுவார். வாயின் இரண்டு ஓரமும் சமமாக ஏறுகிறதா என்று பார்க்க. அடுத்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்தக் கையும் தாழவில்லை என்றால்தான் இட்லி.

"தோ, எல்லாம் கரீட்டா கீது. இதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?" என்பார், யாரும் கேட்காமலே.

வீடு பட்டாபிராமில். வேலை மண்ணூர்பேட்டையில், சின்னக் கம்பெனி ஒன்றில், டூல் கிரைண்டர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட்டில், லேத் ஓட்டுகிறவர்களின் டிரில் பிட்டும் கட்டிங் டூலும் மழுங்கினால் இவரிடம்தான் வரும். சுற்றுகிற கல்லில் வைத்து முனை எடுத்துக் கொடுப்பார். தீப்பொறி புஸ்வாணம் போலக் கொட்டும். எத்தனை துவைத்தாலும் அவர் சட்டைக் காலரில் துரு நிறத்தில் ஒரு கோடு நிற்கும். கம்பெனி இருக்கும் இடத்தில்தான் அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினாராம். அதைப் பற்றி யாராவது உருகினால் வேம்புலிக்குப் பிடிக்காது. "அப்ப சேறு, இப்ப ஆயிலு. காலு வழுக்கறது மட்டும் மாறல" என்று முடித்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கல்லின் முன்னாலேயே சாய்ந்தார். பிடரியில் யாரோ சுத்தியலால் அடித்தது போல இருந்ததாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்து, அந்தப் புடைப்பு கசிந்திருந்தது. தலையைத் திறக்கவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக அடைத்தார்கள். இப்படிக் கசிந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்வதில்லை என்று டாக்டர் சொன்னார். வேம்புலி வந்து சேர்ந்தார்.

வார்டில் அவரைப் பார்க்க லேத் இருதயராஜ் வந்தார். கம்பெனியில் பக்கத்து மிஷின்.

"மாமே, தலைக்குள்ள பிளாட்டினமாமே? தங்கத்தவிட ஒஸ்தி. சேட்டு கடையாண்ட தலைய குனிஞ்சிடாத, எடை போட்டுருவான்."

வேம்புலி சிரித்தார். வலது வாயோரம் ஒரு நொடி தாமதமாக ஏறியது. மற்றவர்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கஸ்தூரி மட்டும் அதைக் கவனித்துவிட்டாள். அம்பத்தூரில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் அவளுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. நாள் முழுக்கத் தையலில் எது நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிற கண். முகம், கை, பேச்சு இந்த மூன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் காலை வழக்கமாக ஆக்கியவள் அவள்தான். தினமும் ரயிலில் போகிறவள், வரிசை அத்துப்படி. அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"யோவ், லோகோ உட்டுட்ட. இன்னொரு வாட்டி சொல்லு."

ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ எடுத்தார்கள். மறுபடியும் தொடை வழியாக. ரத்தக்குழாயில் சாயம் ஏறியபோது தலைக்குள் வெந்நீரை ஊற்றினாற்போல இருந்ததாகவும், அதன் பிறகு சாயங்காலம் வரை காலை அசைக்காமல் கிடந்ததாகவும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். படத்தைப் பார்த்த டாக்டர், "நல்லா அடைஞ்சிருக்கு. புடைப்போட கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம் தெரியுது. பயப்பட ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துக்குவோம்" என்றார்.

பயப்பட ஒன்றும் இல்லை என்பது கஸ்தூரிக்குக் கேட்டது. வேம்புலியின் காதில் விழுந்தது மிச்சம் என்ற சொல் மட்டும்.

"மிச்சம்னா இன்னா மிச்சம்? முனை எடுக்கசொல்ல மிச்சம் வெச்சா டூலு திரும்பி வரும். திரும்ப கல்லுல வெக்கணும். எத்தினி வாட்டி தாங்கும்?" ஒவ்வொரு முறை தீட்டும்போதும் டூல் கொஞ்சம் குட்டையாகும். கடைசியில் பிடிக்க இடம் இல்லாமல் கழிவுப் பெட்டியில் போட வேண்டியதுதான். தன் தலையையும் அவர் அதே கணக்கில் வைத்திருந்தார்.

மகள் பானுப்பிரியா இன்ஸ்ட்ருமெண்டேஷன் டிப்ளமோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் அழுத்தமானிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கிற லேபில் வேலை. அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"டெஸ்ட் எடுக்கறதால அது பெருசாகாதுப்பா. இருக்கறதக் காட்டும், அவ்ளோதான்."

"காட்டாங்காட்டி?"

"இருக்கும்."

"காட்டினா?"

"அப்பவும் இருக்கும்."

"அப்பறம் எதுக்குமா காட்டணும்?"

எம்ஆர்ஐ தேதி நெருங்க நெருங்க வீட்டின் சத்தம் குறைந்தது. தண்ணீர்க் குடத்தைத் தொட மாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்துவார். மேளச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். முக்கிவிடக் கூடாதென்று தினமும் இரண்டு வேளை வாழைப்பழம். குக்கர் விசில் அடித்தால் "அத்த எறக்கு, பிரஷரு பிரஷரு" என்று கத்துவார், ஏதோ அவர் தலைதான் அடுப்பில் இருப்பது போல. கஸ்தூரி குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் வடித்தாள். வேலைக்குப் போகிறவள், அதற்காகக் காலையில் இன்னும் முன்னால் எழுந்தாள்.

ஸ்கேனுக்கு முதல் வாரம் டீக்கடையில் இருதயராஜ் ஒரு கதை சொன்னார். தெரிந்த வெல்டர் ஒருவன் எம்ஆர்ஐ எடுக்கப் போனானாம். கண்ணுக்குள் இரும்புத்தூள் இருக்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "உள்ள இருக்கறது பெரிய காந்தம் மாமே. தூளு இருந்தா கண்ணோட பிச்சிகினு பூடும்." வேம்புலி டீயைக் கீழே வைத்துவிட்டு, "திரும்ப சொல்லு" என்றார். இருதயராஜ் திரும்பச் சொன்னார். வேண்டியதை யாருக்கு எடுத்துக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அம்பத்தூர் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் பெண் கேள்விகளை ஆரம்பிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"கண்ணுல இரும்பு கீதுமா. ரெண்டு கண்ணுலயும். கிரைண்டிங் வேல. நெறைய வாட்டி போய்க்கீது."

அது பொய்யில்லை. அவர் கண்ணில் போகாத இரும்பா? ஒவ்வொரு முறையும் இருதயராஜ் கைக்குட்டை நுனியைத் திரித்து, இமையைப் புரட்டித் துடைத்து எடுப்பார். டெக்னீஷியன் செய்ததும் சரிதான். தலைக்குள் இருந்த பிளாட்டினத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது, கண்ணில் எஃகுத் துணுக்கு கிடந்தால் அசைத்துவிடும். கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு உடனே செய்துவிடலாம் என்றாள். எல்லாரும் சரியாக நடந்துகொண்டார்கள். டெஸ்ட் நடக்கவில்லை.

வெளியே வந்ததும் வேம்புலிக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிட்டது. கஸ்தூரிக்குச் சுடச்சுட பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவள் பாதி தின்றுவிட்டு, "வயிறு ரொம்பிடுச்சி" என்று மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

கண் எக்ஸ்ரே ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆவடியில் இறங்கினால் முடிந்தது. ஆனால் ஆவடி அவருடைய ரயிலில் மட்டும் வரவேயில்லை. கம்பெனியில் அவசர ஆர்டர் என்றார். ஆடி மாதம் வேண்டாம் என்றார். ஆவணியில் மழை என்றார். கஸ்தூரி பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட ஆரம்பித்திருந்தாள். சாப்பாடு குறைந்தது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. பானு பார்த்துவிட்டு, "ஒரு ஸ்கேன் பாத்துடலாம்மா" என்றாள்.

"மொதல்ல உங்கப்பா தலைய முடி. அது முடியட்டும், அப்பறம் என் வயித்த பாத்துக்கலாம். ரெண்டு பேரும் படுத்துகினா யாரு யாருக்குக் கஞ்சி ஊத்தறது?"

வேம்புலி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வில்லிவாக்கத்தில் ஒரு கணம் நின்று, கொரட்டூருக்குப் போனார். கஸ்தூரி அதே பேச்சைப் பிறகும் பலமுறை சொன்னாள், அவர் காதுபடவே. அவருக்கு முன்னால் நகர்ந்தால்தான் தனக்கு முறை வரும் என்று வரிசையில் நிற்பவளைப் போலக் காத்திருந்தாள். அவர் நகரவில்லை.

துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மேசை மீதே ஒருநாள் கஸ்தூரி சரிந்தாள். சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிறெங்கும் பரவியிருந்தது. "எத்தனை மாசமா உப்பலா இருக்கு? ஏன் முன்னாடியே வரல?" என்று டாக்டர் கேட்டார். பானு அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த ஸ்விட்ச் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரிதான் பதில் சொன்னாள்.

"லீவு குடுக்கல சார்."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வாரத்தில் அவளுக்குப் பேச்சே குறைந்துபோனது. மிச்சமிருந்த பேச்சையும் இவருக்காகத்தான் செலவு செய்தாள்.

"கண்ணு எக்ஸ்ரே எட்த்தியா?"

"எட்த்துட்டேன்" என்றார் வேம்புலி.

"ஒண்ணும் இல்லியாமா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப போய் தலையக் காட்டிகினு வா. வந்து எனக்குச் சொல்லு."

கட்டிலின் மறுபக்கம் பானு நின்றிருந்தாள். அது பொய் என்று தெரிந்தும் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

காரியத்தன்று பந்தலுக்கு வெளியே இருதயராஜ் பானுவைத் தனியாகக் கூப்பிட்டார். "இத்த உன்கிட்ட சொல்லாம இருக்க முடியலம்மா. உங்கப்பன் சேப்டி கண்ணாடி போடாம தேய்க்கிறான். ஆணிலயே தொங்குது. ஸ்கேனுக்குப் போய்ட்டு வந்தான் பாரு, அன்னிலேர்ந்து. கண்ணு பூடும்டா மாமேன்னேன். 'போவட்டும், உள்ள போய்த் தங்கட்டும்'ன்றான். புத்தி கெட்டுப்போச்சின்னு நெனச்சேன்."

புத்தியெல்லாம் கெடவில்லை. சொன்ன சாக்கை மெய்யாக்கிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே எடுக்கிற நாள் என்றாவது வந்துவிட்டால், அதில் காட்டுவதற்கு ஒரு துணுக்காவது வேண்டுமே. பானுவுக்கு அந்தச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வருவார். கஸ்தூரி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஆற வைத்த தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக் கழுவுவாள். உப்பிய வயிறு அவர் தோளில் இடிக்கும். "இன்னாய்யா கம்பெனி அது, ஒரு கண்ணாடி வாங்கித் தர துப்பில்லாத கம்பெனி" என்று திட்டிக்கொண்டே கழுவுவாள். இவர் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதன் பிறகு பானு அவரோடு பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பரணிலிருந்து குக்கரை இறக்கி, விசில் அடிக்க விட்டாள். விசில் வந்தால் அவர் வாசலில் போய் நின்றார். ஸ்டேஷன் பெயர்கள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் கேரேஜை இரண்டு முறை சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பானு அங்கேதான் இருந்தாள். லோகோ விட்டுப்போனது அவளுக்கும் தெரிந்தது. தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள், அதே கண்ணாடி முன்னால் அவர் ஒரு கன்னத்தை மழித்து முடித்தபோது அவளாகவே பேசினாள்.

"ப்பா. டாக்டர் என்னையும் ஒரு தடவ தலையப் பாத்துக்கச் சொல்லியிருக்கார். இது குடும்பத்துல வரலாமாம். எனக்கும் அடிக்கடி தலைவலி வருதுல்ல."

ரேஸரோடு கை நின்றது. "எப்ப சொன்னாரு?"

"அம்மா இருக்கும்போதே."

"நீ ஏன் போவல?"

"மொதல்ல உன்னுது முடியட்டும். அப்பறம் என்னுதப் பாத்துக்கலாம்."

யாருடைய வார்த்தைகள் அவை என்று அவளுக்குத் தெரியும். தலைவலி உண்மை, டாக்டர் சொன்னதும் உண்மை. ஆனால் எங்கே வைத்தால் இறங்கும் என்று பார்த்துத்தான் வைத்தாள்.

"யேய். அப்டி சொல்லாத."

"எப்டி?"

அவர் நுரையைத் துண்டால் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இட்லி தட்டில் இருந்தது. அன்று கம்பெனிக்குப் போகவில்லை என்று இருதயராஜ் போன் செய்தார். மதியத்துக்கு மேல் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் திரும்பி வந்தார். கையில் பெரிய உறை. ஆவடி வந்துவிட்டது போலும்.

"எட்த்துட்டேன். ஒண்ணும் இல்லியாம். ரெண்டு கண்ணும் சுத்தமாம்." பறிகொடுத்தவன் குரலில் சொன்னார். "இத்தினி வருசத்து இரும்பு. ஒரு துளிகூடத் தங்கல. எல்லாத்தையும் அந்த இருதயராஜ் தொடைச்சி எட்த்துட்டான் போல."

பானு உறையை வாங்கி மேசையில் வைத்தாள். அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"அன்னிக்கி உங்கம்மாகிட்ட ஒண்ணும் இல்லன்னேன். செரியாத்தான் சொல்லிக்கீறேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து சோறு போட்டாள்.

ஸ்கேன் சென்டரில் அன்று கூட்டமில்லை. மோதிரம், பெல்ட், அரைஞாண், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பானுவின் கையில் கொடுத்தார். நீல அங்கியில் ஆள் பாதியாகத் தெரிந்தார். இந்த முறை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சுருக்கமாகப் பதில் வந்தது. வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"மிச்சம் பெருசாயிருந்தா?" என்றார், சுவரைப் பார்த்து.

"பாத்துக்கலாம்" என்றாள் பானு.

உள்ளே குளிர்ந்தது. மிஷின் சும்மா இருக்கும்போதே டக் டக்கென்று ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. படுக்கவைத்துக் காதில் பஞ்சு வைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டைக் கவிழ்த்துப் பூட்டினார்கள். பானுவைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். டெக்னீஷியன் பெண் நீளக் குழாய் ஒன்றின் முனையில் இருந்த ரப்பர் பந்தை அவர் கையில் கொடுத்தாள்.

"உள்ள பயமா இருந்தா இத அமுக்குங்க அங்கிள். உடனே நிறுத்தி வெளிய எடுத்துடுவோம்."

வேம்புலி அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அடுத்த அறையில் மணி அடித்தது. கையைத் தூக்கிப் பந்தை அவளிடம் நீட்டினார்.

"இது வாணாம்மா. கைல இருந்தா அமுக்கிடுவேன்."

"குடுக்காம இருக்கக் கூடாது அங்கிள்" என்று அவள் மறுபடியும் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டுப் போனாள்.

படுக்கை நகர்ந்தது. கூண்டு உள்ளே போயிற்று. தோள் போயிற்று. இடுப்புக்கு அருகில் இருந்த வலது கை இன்னும் வெளியே தெரிந்தபோது, அதன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பந்து உருண்டு படுக்கை விளிம்பைத் தாண்டி, குழாயில் தொங்கி ஆடியது.